மொழிபெயர்க்கும் பொறி: பிரான்சிஸ் அலனும் தொகுப்பி உகப்பாக்கத்தின் வரலாறும்

அறிவியல் வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் பொறிகளின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகின்றனர். கணனியின் வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. வெற்றிடக் குழாயின் இடத்தைத் திரான்சிற்றர் பெற்றமை, மண்டபங்களை நிறைத்து நின்ற பொறி மேசைமேல் வந்து அமர்ந்தமை, ஒரு செக்கனில் நிகழும் கணிப்புக்கள் ஆயிரத்திலிருந்து கோடிக்கும் அதற்கு அப்பாலும் பெருகினமை என்பன அவ்வரலாற்றின் வழமையான அத்தியாயங்களாகும். இவை கண்ணாற் காணத்தக்கவை, நிழற்படத்தில் அடங்குபவை. ஆயின், மனிதர் எழுதும் கணிதக் கூற்றுக்கும் பொறி நிறைவேற்றும் கட்டளைக்கும் இடையே ஒரு மொழிபெயர்ப்பு நிகழ்கின்றது என்பதும், அம்மொழிபெயர்ப்பின் தரம் கெடுமாயின் பொறியின் வேகத்திற் பெரும்பகுதி வீணாகிவிடும் என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை.

இம்மொழிபெயர்ப்பைச் செய்யும் செய்நிரலே தொகுப்பி எனப்படுகின்றது. மூலத்தின் பொருள் சிறிதும் பிறழாது, அதனை மேலும் விரைவாக நிறைவேறத்தக்க வடிவத்துக்குத் தொகுப்பியே மாற்றியமைத்தல் உகப்பாக்கம் ஆகும். ஒரு காலத்திற் கைதேர்ந்தவர்களின் தந்திரங்களாக மட்டுமே இருந்த இவ்வேலை, கணிதத்தின் துணைகொண்டு நிறுவத்தக்க ஓர் ஆய்வுத்துறையாக மாறிய வரலாறு பெருமளவுக்குப் பிரான்சிஸ் அலன் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் ஆய்வு வரலாறாகவே அமைந்துள்ளது.

பிரான்சிஸ் அலன் 1932ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 4ஆம் திகதி, நியூயோர்க் மாநிலத்தின் வடபகுதியில், சம்பிளெயின் ஏரிக்கு அணித்தாகவுள்ள பெரு என்னும் சிற்றூரில் ஒரு கமக்காரக் குடும்பத்திற் பிறந்தார். ஆறு பிள்ளைகளுள் மூத்தவர். 1954இல் அல்பனியிலிருந்த ஆசிரியர் கல்லூரியிற் கணிதத்தில் இளமாணிப் பட்டம் பெற்றுத் தம் ஊர்ப் பாடசாலையிலேயே கணிதம் கற்பித்தார். ஈராண்டுகளின் பின் மிச்சிகன் பல்கலைக்கழகஞ் சென்று 1957இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். அப்பட்டத்தோடு கல்விக் கடனும் வந்து சேர்ந்தது. கடனைத் தீர்க்கும்வரை மட்டும் உழைத்துவிட்டு மீண்டும் ஆசிரியத் தொழிலுக்குத் திரும்புவது என்னும் எண்ணத்துடனேயே அவ்வாண்டு யூலை மாதம் 15ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனத்திற் சேர்ந்தார். பெண் பட்டதாரிகளைக் கவர்வதற்கென அந்நிறுவனம் அந்நாளில் வெளியிட்ட கைந்நூல், அக்காலத்துப் புகழ்பெற்ற இசைநாடகமொன்றின் பெயரைத் தழுவி, 'மை பெயர் லேடீஸ்' என்னுந் தலைப்பைத் தாங்கியிருந்தது. இத்தகைய தலைப்பு இன்று நகைப்பைத் தரலாம். எனினும், வன்பொருள் ஆக்கம் ஆண்களின் துறையாகவும் செய்நிரல் எழுதுதல் பெண்களுக்கும் ஏற்றதொரு பணியாகவும் கருதப்பட்ட ஒரு காலகட்டத்தின் மனப்பாங்கை அது நன்கு காட்டுகின்றது. கடன் தீர்ந்த பின்னரும் அலன் அந்நிறுவனத்தை விட்டு நீங்கவில்லை. 45 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றி 2002இல் ஓய்வுபெற்றார்.

அவருக்கு முதலில் அளிக்கப்பட்ட பணி, விந்தையாக, கற்பித்தற் பணியே. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலேயே போட்ரான் என்னும் மொழியும் அதன் தொகுப்பியும் வெளியிடப்பட்டிருந்தன. அதனை ஐ.பி.எம். ஆய்வகத்து விஞ்ஞானிகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பு அலனிடம் வந்தது. மாணவர்களோ கற்க விரும்பாதவர்கள். அவர்களின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு.

1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜோன் பக்கஸ் என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழு, கணிதச் சூத்திரத்தை ஒத்த வடிவில் எழுதப்படும் செய்நிரலைப் பொறிமொழிக்கு மாற்றவல்ல தொகுப்பியொன்றை ஆக்கத் தொடங்கியபோது, அம்முயற்சி வெற்றி பெறும் என்று நம்பியோர் மிகச் சிலரே. பொறியின் நேரம் பெருவிலை கொண்டதாய் இருந்தது. கைதேர்ந்த ஒருவர் பொறிமொழியில் நுணுக்கமாக எழுதும் செய்நிரலுக்கு ஈடாக இன்னொரு செய்நிரல் எழுதித் தரும் என்பதை அக்காலத்துச் செய்நிரலர் ஏற்க மறுத்தனர். எனவே பக்கஸ் குழுவினர் மொழியின் அழகைக் காட்டிலும் தொகுப்பியின் திறமையிலேயே கருத்தைச் செலுத்தினர். ஐ.பி.எம். 704 என்னும் அப்பொறியிற் சுட்டுப் பதிவகங்கள் மூன்று மட்டுமே இருந்தன. அணிகளின் உறுப்புக்களை எட்டுவதற்கு இன்றியமையாத அம்மூன்றையும் எக்கணத்தில் எதற்கு ஒதுக்குவது என்பதே பெருஞ்சிக்கல். இதனைத் தீர்ப்பதற்கு, செய்நிரலின் எப்பகுதி அடிக்கடி நிறைவேறும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட வேண்டியிருந்தது. லோயிஸ் ஹெயிப்ற் என்னும் இளம்பெண் எழுதிய நான்காம் பிரிவு இப்பணியைச் செய்தது. அது செய்நிரலைச் சிறு துண்டங்களாகப் பிரித்து, அத்துண்டங்களினூடாகக் கட்டுப்பாடு செல்லக்கூடிய வழிகளை எழுமாற்று முறையிற் பலமுறை நடத்திப் பார்த்து, ஒவ்வொன்றும் எத்துணை முறை நிறைவேறக்கூடும் எனக் கணித்தது. ஷெல்டன் பெஸ்ற் எழுதிய ஐந்தாம் பிரிவு அம்மதிப்பீட்டைக் கொண்டு பதிவகங்களைப் பங்கிட்டது.

விளைந்த பொறிமொழி சிலவிடத்து அதனை ஆக்கியவர்களையே வியப்பில் ஆழ்த்தியது. இத்தொகுப்பியின் கட்டளைகளை வரிவரியாகப் படித்தே அலன் போட்ரானைக் கற்றுப் பிறருக்கும் கற்பித்தார். பிற்காலத்தில் அவர் கையாண்ட அடிப்படைக் கருத்துக்கள் பல அங்கே வித்தாக இருந்தன. ஆயின் வித்தாக மட்டுமே இருந்தன என்பதை வலியுறுத்துதல் வேண்டும். ஒரு பொறிக்காக, ஒரு மொழிக்காக, ஒரு குழு கண்டறிந்த உபாயங்கள் அவை. ஏன் அவை சரியானவை, எங்கே அவை தவறும், வேறொரு மொழிக்கும் வேறொரு பொறிக்கும் அவை பொருந்துமா என்னும் வினாக்கள் அன்று எழுப்பப்படவில்லை.

அவ்வினாக்களை எழுப்பிய சூழல் யுத்தத்தின் நிழலில் உருவானது. அணுவாயுத ஆய்வு நடைபெற்ற லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்துக்கென ஐ.பி.எம். ஆக்கத் தொடங்கிய ஸ்ரெச் என்னும் பொறி, 704இலும் நூறு மடங்கு வேகத்தை இலக்காகக் கொண்டிருந்தது. அதனோடு இணைத்துப் பயன்படுத்துவதற்கென, அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகத்தின் மறைமொழி உடைக்கும் பணிக்காக, ஹாவெஸ்ற் என்னும் இன்னொரு பொறியும் ஆக்கப்பட்டது. இவ்விரண்டுக்குமான தொகுப்பியை வடிவமைத்தோருள் அலனும் ஒருவர். அம்முகவரகத்துக்கும் ஐ.பி.எம்.இற்கும் இடையிலான மொழித்துறைத் தொடர்பாளராகவும் அவர் இருந்தார். மறைமொழி ஆய்வாளருக்கென அல்பா என்னும் உயர்நிலை மொழியொன்றை ஆக்குவதில் அவர் பங்குகொண்டார். பெரும் எழுத்துத் தொகுதிகளில் மறைந்துள்ள ஒழுங்குகளைத் தேடும் பணி போட்ரானின் கணிதப் பணியினின்றும் முற்றிலும் வேறுபட்டது. கணனித்துறையின் அடிப்படை ஆய்வுகளுட் பல அணுகுண்டுக்கும் ஒற்றறிதலுக்கும் ஒதுக்கப்பட்ட பணத்தில் வளர்ந்தவை என்னும் உண்மையை இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. பின்னாளில் எவருக்கும் உரியதாகிவிட்ட அறிவு, தொடக்கத்திற் சிலருக்கே உரியதாக விலைகொடுத்து வாங்கப்பட்டது.

ஸ்ரெச் 1961இல் லொஸ் அலமொஸைச் சென்றடைந்தது. எதிர்பார்த்த நூறு மடங்கு வேகத்தை அது எட்டவில்லை. ஏறத்தாழ முப்பது மடங்கே கிட்டியது. 135 இலட்சம் டொலராக இருந்த விலை 78 இலட்சத்துக்குக் குறைக்கப்பட்டது. வணிகக் கண்கொண்டு நோக்குமிடத்து இது தோல்வியே. ஆனால் தொகுப்பியின் வரலாற்றிலோ நிலைமை வேறு. ஸ்ரெச் ஒரு கட்டளையை நிறைவேற்றிக்கொண்டிருக்கையிலேயே அடுத்தடுத்த கட்டளைகளை எடுத்து ஆயத்தஞ் செய்யும் இயல்புடையது. நினைவகத்திலிருந்து ஓர் எண் வந்து சேரும்வரை காத்திராது, அவ்விடைவெளியில் வேறொன்றைச் செய்யவல்லது. இவ்வாற்றல் முழுமையும் பயன்தர வேண்டுமாயின் கட்டளைகள் தக்க வரிசையில் அமைதல் வேண்டும். மனிதர் எழுதும் வரிசையோ மனிதருக்கு இயல்பான வரிசை. பொறிக்கு உகந்த வரிசையைக் காண்பது தொகுப்பியின் கடமையாயிற்று. அதுமட்டுமன்றி, போட்ரான், ஓட்டோகோடர், அல்பா என்னும் மூன்று மொழிகளுக்கும் பொதுவான உகப்பாக்கப் பகுதியொன்று அத்தொகுப்பியில் அமைக்கப்பட்டது. மூன்று மொழிகளும் முதலில் ஒரு பொது இடைவடிவத்துக்கு மாற்றப்பட்டன. உகப்பாக்கம் அந்த இடைவடிவத்தின் மீதே நிகழ்ந்தது. மொழி எதுவாயினும் அதன் உள்ளே நிகழும் கணிப்பின் அமைப்பு ஒன்றே என்னும் கருத்து இதில் உட்கிடையாக உள்ளது. அலனின் பிற்காலக் கோட்பாட்டின் வாயில் இதுவே எனலாம்.

அடுத்து அவர் பங்குகொண்ட ஏ.சி.எஸ். திட்டம் இன்னும் துணிவானது. 1960களிற் கலிபோர்ணியாவில் நடைபெற்ற அத்திட்டத்தில், ஒரே சுற்றிற் பல கட்டளைகளை ஒருங்கே தொடங்கவல்ல பொறியொன்று வடிவமைக்கப்பட்டது. ஜோன் கொக் என்னும் அறிஞரோடு அலன் நெருங்கி உழைத்த காலம் இது. பொறியை முதலில் ஆக்கிவிட்டுத் தொகுப்பியைப் பின்னர் எழுதும் வழக்கத்தைக் கைவிட்டு, இரண்டையும் ஒருசேர வடிவமைத்து, தொகுப்பி கூறும் தேவைக்கேற்பப் பொறியை மாற்றும் முறை அங்கே கையாளப்பட்டது. 1969இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. பொறி பிறக்கவேயில்லை. ஆயினும் அங்கே பெற்ற அனுபவம் பின்னாளிற் கொக் அவர்களின் 801 என்னும் எளிய கட்டளைப் பொறிக்கு வழிகாட்டியது.

இவ்வாறு, ஒன்று எதிர்பார்ப்பைப் பொய்ப்பித்ததும் மற்றொன்று பிறவாததுமான இரு பொறிகளுக்கென நிகழ்ந்த உழைப்பிலிருந்து எழுந்தவையே அலனின் அடிப்படைக் கட்டுரைகள். 1966இற் செய்நிரல் உகப்பாக்கம் பற்றிய முதற் கட்டுரையை எழுதினார். 1970ஆம் ஆண்டு யூலை மாதம் இலினோய் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற தொகுப்பி உகப்பாக்கக் கருத்தரங்கிற் கட்டுப்பாட்டோட்டப் பகுப்பாய்வு பற்றிய கட்டுரையை அளித்தார். கொக் அவர்களோடு இணைந்து எழுதிய உகப்பாக்க மாற்றங்களின் பட்டியல் 1972இல் அச்சில் வந்தது. தரவோட்டப் பகுப்பாய்வுக்கான செய்முறையை அவ்விருவரும் 1976இல் வெளியிட்டனர். இவற்றின் உள்ளடக்கத்தைச் சிறிது விரித்து நோக்குதல் தகும்.

ஒரு செய்நிரலை வரிகளின் தொடராகப் பார்க்கும் வரை அதன் அமைப்புப் புலப்படாது. அதனை, இடையிற் புகுதலோ இடையில் வெளியேறுதலோ இல்லாத அடிப்படைத் துண்டங்களாகப் பிரித்து, ஒரு துண்டத்திலிருந்து அடுத்து எங்கே செல்லலாம் என்பதை அம்புக்குறிகளால் இணைத்தால், திசைகொண்ட வரைபு ஒன்று கிடைக்கும். அலன் செய்தது, இவ்வரைபைக் கணிதப் பொருளாகக் கொண்டு ஆராய்ந்தமையாகும். ஒரே வாயிலையுடைய பகுதிகளை அவர் இடைவெளிகள் என்னும் பெயரால் வரையறுத்தார். ஓரிடைவெளியினுள் உள்ள எத்துண்டத்துக்கும் அவ்வாயிலின் வழியாக அன்றி வேறு வழியாற் செல்லமுடியாது; அதனுள் வளையம் ஏதும் இருக்குமாயின் அதுவும் அவ்வாயிலின் ஊடாகவே சுழலும். இவ்வாறு முழு வரைபையும் இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வோர் இடைவெளியையும் ஒரு புள்ளியாகச் சுருக்கினால் சிறியதொரு வரைபு கிடைக்கும். அதனையும் அவ்வாறே சுருக்கலாம். நன்கமைந்த செய்நிரலாயின் ஈற்றில் ஒரே புள்ளியே எஞ்சும். சுருங்க மறுக்கும் சிக்கலான வரைபுகளிற் சில துண்டங்களைப் படியெடுத்து இரண்டாக்கிச் சுருக்க வேண்டும். வளையங்களுள் வளையங்களாகப் பின்னிக்கிடக்கும் ஒரு பெருஞ் செய்நிரலின் படிநிலை, இச்சுருக்கத்தின் வழியே தானாக வெளிப்பட்டுவிடுகின்றது.

வழி தெரிந்த பின்னர் அவ்வழியே என்ன செல்கின்றது என அறிய வேண்டும். ஓரிடத்தில் ஒரு மாறிக்கு அளிக்கப்பட்ட பெறுமானம் வேறெந்தெந்த இடங்களைச் சென்றடையக்கூடும், ஓரிடத்திற் கணித்த கோவை பின்னர் மாறாது நிலைக்கின்றதா, ஒரு மாறி இனிமேல் எங்கேனும் பயன்படுமா என்பன தரவோட்டப் பகுப்பாய்வு விடையளிக்கும் வினாக்கள். இவ்விடைகள் கையில் இருந்தால், முன்பு கணித்ததை மீளக் கணியாது விடலாம். பயன்படாத கட்டளையை நீக்கலாம். வளையத்தினுள் மாறாது நிற்கும் கணிப்பை வளையத்துக்கு வெளியே கொண்டுவரலாம். பெருக்கலின் இடத்திற் கூட்டலை வைக்கலாம். சிறு துணைச் செய்நிரலை அழைக்குமிடத்திலேயே விரித்து எழுதலாம். 1972ஆம் ஆண்டுப் பட்டியல் இவ்வாறான மாற்றங்களுக்குப் பெயரிட்டு வகுத்துக் கூறியது. இன்று தொகுப்பி பற்றிய எந்தப் பாடநூலைத் திறந்தாலும் அப்பெயர்களுட் பலவற்றைக் காணலாம்.

இவ்வாய்வின் சிறப்பை வேகத்தால் மட்டும் அளப்பது பொருந்தாது. உகப்பாக்கத்தின் முதற் கடமை பொருளைக் காத்தல். ஓர் எடுத்துக்காட்டைக் கருதுக. ஆயிரம் முறை சுழலும் வளையமொன்றினுள் ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் வகுக்குமாறு எழுதப்பட்டுள்ளது. வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் வளையத்தினுள் மாறுவதில்லை. எனவே அவ்வகுத்தலை வெளியே கொண்டுவந்து ஒரேயொரு முறை செய்தாற் போதுமெனத் தோன்றும். ஆனால், வகுக்கும் எண் பூச்சியமாயின் வகுத்தலைத் தவிர்க்குமாறு செய்நிரலர் வளையத்தினுள் ஒரு நிபந்தனையை வைத்திருந்தால் என்னாகும்? மூலத்தில் ஒருபோதும் நிகழாத பூச்சிய வகுத்தல், உகப்பாக்கிய வடிவத்தில் நிகழ்ந்து செய்நிரல் முறிந்துவிடும். தொகுப்பி விரைவுபடுத்தியது, அத்துடன் பிழையொன்றையும் புகுத்திவிட்டது. எப்பொழுது ஒரு மாற்றம் பாதுகாப்பானது, எப்பொழுது அது உண்மையிற் பயன்தரும் என்னும் இரு வினாக்களையும் பிரித்து, முதலாவதற்கு விடை கிடைக்காதவிடத்து மாற்றத்தைச் செய்யாது விடும் ஒழுக்கத்தை இத்துறைக்கு அளித்தவர்களுள் அலன் முதன்மையானவர். தந்திரம் கோட்பாடாக உயர்ந்தமை இவ்வொழுக்கத்தாலேயே.

1980களின் தொடக்கத்தில் அலன் சமாந்தரக் கணிப்பின் பக்கந் திரும்பினார். ஒரு செயலியின் வேகத்தை உயர்த்துவதோடு, பல செயலிகளை ஒருங்கே இயக்கியும் வேகம் பெறலாம் என்பது அன்று புதிய கருத்தன்று. இலினோய் பல்கலைக்கழகத்தில் டேவிட் குக் அவர்களின் குழுவினரும், ரைஸ் பல்கலைக்கழகத்திற் கென் கென்னடி அவர்களின் குழுவினரும் இத்திசையில் உழைத்து வந்தனர். தாமதமாகவே இத்துறைக்கு வந்த ஐ.பி.எம்.இல், பி.ரி.ரான் என்னும் ஆய்வுத் திட்டத்தை அலன் நிறுவி, மைக்கல் பேர்க், றொன் சைற்றன், ஜீன் பெரான்ரே, விவேக் சர்க்கார் முதலிய இளம் ஆய்வாளர்களை அதிற் சேர்த்துக்கொண்டார். நோக்கம் பெரிது. பல ஆண்டுகளாகப் போட்ரானில் எழுதப்பட்டு, அட்டைக் கட்டுக்களாகத் தூசிபடிந்து கிடந்த தொடர்முறைச் செய்நிரல்களை, எழுதியவரின் உதவியின்றியே பல செயலிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கத் தொகுப்பியால் முடியுமா என்பதே வினா.

இவ்வினாவின் கடினத்தைப் பல்கலைக்கழகத்தார் தமக்குப் பழகிய ஒரு காரியத்தைக் கொண்டே உணரலாம். நூறு விடைத்தாள்களைப் பத்துப் பரீட்சகர்களிடம் பங்கிட்டால் வேலை பத்திலொரு பங்கு நேரத்தில் முடியும். ஒரு தாளின் புள்ளி மற்றொன்றிற் தங்கியிருப்பதில்லை. ஆனால், ஒவ்வொரு மாணவனின் புள்ளியோடும் தனக்கு முன்னிருப்பவனின் மொத்தத்தைக் கூட்டி எழுதிச் செல்லும் வேலையை அவ்வாறு அப்படியே பங்கிட முடியாது. முன்னது முடியும்வரை பின்னது காத்திருக்க வேண்டும். ஓரணியின் ஒவ்வோர் உறுப்பையும் இரட்டிப்பாக்கும் வளையம் முதல்வகை. ஒவ்வோர் உறுப்போடும் அதற்கு முந்திய உறுப்பைச் சேர்த்து எழுதும் வளையம் இரண்டாம் வகை. எழுத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே போலத் தோன்றும். இவற்றை வேறுபடுத்தி அறிவது சார்புப் பகுப்பாய்வு. எளிய வளையங்களில் இது இயலும். ஆயின், உண்மையான செய்நிரல்களில் வளையம் துணைச் செய்நிரலை அழைக்கும். அத்துணைச் செய்நிரல் இன்னொன்றை அழைக்கும். இரு வேறு பெயர்கள் நினைவகத்தின் ஒரே இடத்தைக் குறிக்கவும் கூடும். ஒரு துணைச் செய்நிரலின் எல்லைக்குள் நின்று பார்ப்பவருக்கு இவை தெரியா. ஆகவே முழுச் செய்நிரலையும் ஒருங்கே ஆராயும் முறையை அலன் குழுவினர் வளர்த்தனர்.

மனிதர் தொடர்முறையில் எழுதும்போது தேவையான ஒழுங்கோடு தேவையற்ற ஒழுங்கும் கலந்துவிடுகின்றது. இரண்டு காரியங்களுள் எதை முதலிற் செய்தாலும் ஒன்றே என்னும் இடத்தும் எழுத்தில் ஒன்று மேலும் மற்றொன்று கீழுமாகவே அமைய வேண்டியுள்ளது. எழுதியவர் வேண்டாத அந்த ஒழுங்கைக் களைந்து, வேண்டிய ஒழுங்கை மட்டும் எஞ்சவிடுதலே சமாந்தரமாக்கலின் உட்பொருள். 1987இல் ஜீன் பெரான்ரே, காள் ஒட்டென்ஸ்ரைன், ஜோ வாறன் ஆகியோர் வெளியிட்ட செய்நிரற் சார்பு வரைபும், 1989இல் றொன் சைற்றன், ஜீன் பெரான்ரே ஆகியோர் ஏனைய மூவருடன் சேர்ந்து அறிவித்து 1991இல் விரிவாக வெளியிட்ட ஒருமுறை ஒப்படைப்பு வடிவத்தை விரைந்து ஆக்கும் முறையும் இந்நோக்கோடு நெருங்கியவை. பின்னதில், ஒரு மாறிக்கு ஒவ்வொரு முறை பெறுமானம் அளிக்கப்படும்போதும் அம்மாறிக்குப் புதியதொரு பெயர் இடப்படும். எப்பெறுமானம் எங்கிருந்து வந்தது என்பது பெயரிலிருந்தே தெளிவாகிவிடும். சமாந்தரமாக்கலுக்கென எழுந்த சிந்தனையிற் பிறந்த இவ்வடிவம், சமாந்தரத்தோடு தொடர்பற்ற சாதாரணத் தொகுப்பிகளின் முதுகெலும்பாகப் பின்னர் மாறியது. எல்.எல்.வி.எம். என்னும் தொகுப்பிக் கட்டமைப்பு தொடக்கத்திலிருந்தே இதன்மீது நிற்கின்றது, ஜி.சி.சி. தொகுப்பி 2005இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் இதனை ஏற்றுக்கொண்டது.

இனி, பி.ரி.ரான் தன் முதல் நோக்கத்தை எய்தியதா என்னும் வினா எழுகின்றது. ஓரளவுக்கே எய்தியது எனல் வேண்டும். வளையங்கள் ஒழுங்காக அமைந்த எண்கணிப்புச் செய்நிரல்களிற் பயன் கிட்டியது. ஆனால், ஒரு செய்நிரலின் பத்திலொரு பங்கு தொடர்முறையிலேயே நிகழ வேண்டியிருப்பின், எத்தனை செயலிகளைச் சேர்த்தாலும் வேகம் பத்து மடங்கை விஞ்சாது என்பதை 1967இலேயே ஜீன் அம்டால் எடுத்துக்காட்டியிருந்தார். தொகுப்பி எஞ்சவிடும் சிறு ஐயங்கூட இதனாற் பேரிழப்பாகிவிடுகின்றது. 1993இற் பெருவேகப் போட்ரானும், 1994இல் எம்.பி.ஐ. என்னும் செய்திப் பரிமாற்ற முறையும், 1997இல் ஓப்பன் எம்.பி. முறையும் வெளிவந்தன. தன்மைகள் வேறுபடினும் மூன்றும் ஒரு விடயத்தில் ஒத்தவை: எதனைப் பங்கிடலாம் என்பதைச் செய்நிரலரே எழுதித்தருதல் வேண்டும். தூசிபடிந்த அட்டைக் கட்டுக்கள் தாமாகவே சமாந்தரமாகும் என்னும் கனவு இவ்வாறு சுருங்கிற்று.

இத்தளர்ச்சிக்கு அலன் இன்னொரு காரணமுங் கண்டார். சி என்னும் மொழியின் பரவலே அது. 2009இல் வெளிவந்த செவ்வித் தொகுப்பொன்றில் அவர் இக்கருத்தை ஒளிவுமறைவின்றிக் கூறினார். அம்மொழி நினைவக முகவரியையே செய்நிரலரின் கையிற் கொடுத்துவிடுகின்றது. எச்சுட்டி எவ்விடத்தைக் காட்டும் என்பது தெரியாதவிடத்துத் தொகுப்பி எல்லாவற்றையும் ஐயுற வேண்டியுள்ளது. ஐயுற்றால் மாற்ற முடியாது. மனிதர் என்ன வேண்டும் என்பதைக் கூற, எவ்வாறு செய்வது என்பதைத் தொகுப்பி தீர்மானிக்கும் நிலையை நோக்கி வளர்ந்துகொண்டிருந்த துறையை அம்மொழி பின்னுக்குத் தள்ளிவிட்டது என்பது அவர் வாதம். இவ்வாதத்தை முற்றாக ஏற்பது கடினம். இயக்க முறைமைகளை எழுதுவோருக்குப் பொறியை நேரே தொடும் மொழியொன்று தேவையாகவே இருந்தது. அத்தேவையை அன்றிருந்த உயர்நிலை மொழிகள் போதியவாறு நிறைவேற்றவில்லை. ஆயினும், ஒரு மொழியின் வசதி அம்மொழியை எழுதுவோருக்கு மட்டும் உரிய விடயமன்று, அதனை மொழிபெயர்ப்பதன் மீதும் அது சுமையை ஏற்றுகின்றது என்னும் அவர் கூற்று மறுக்கத்தக்கதன்று.

பாராட்டுக்கள் அவரைத் தாமதமாகவே வந்தடைந்தன. 1989இல் ஐ.பி.எம்.இன் அதியுயர் தகைமையாகிய 'பெலோ' பதவியைப் பெற்ற முதற் பெண் அவரே. பக்கஸ் 1977இலும் கொக் 1987இலும் பெற்ற டூரிங் விருது, 2006ஆம் ஆண்டுக்கென அலனுக்கு அளிக்கப்பட்டது. 1966இல் தொடங்கிய அவ்விருதை ஒரு பெண் பெறுவதற்கு நாற்பது ஆண்டுகள் சென்றன. தொகுப்பி என்னும் சொல்லையே 1952இல் தமது ஏ-0 முறைக்கு வழங்கிய கிறேஸ் ஹொப்பர் அதனைப் பெறாமலே 1992இற் காலமானார். போட்ரானின் கட்டுப்பாட்டோட்டப் பகுதியை எழுதிய லோயிஸ் ஹெயிப்ற்றின் பெயர் இத்துறை மாணவர்களுக்கே அவ்வளவாகத் தெரியாது. தொடக்க காலத்திற் பெண்கள் இத்துறையில் இருந்தனர். துறை மதிப்புப் பெறப்பெற அவர்களின் பெயர்கள் பின்னடைந்தன.

விருது வந்த காலத்தையும் மனங்கொள்ளுதல் வேண்டும். ஒற்றைச் செயலியின் துடிப்பு வேகத்தை உயர்த்திக்கொண்டே செல்லும் பாதை, வெப்பம் காரணமாக 2004ஆம் ஆண்டளவில் அடைபட்டது. இன்ரெல் நிறுவனம் தான் வடிவமைத்துவந்த அதிவேக ஒற்றைச் செயலியை அவ்வாண்டு கைவிட்டு, ஒரே சில்லிற் பல கருக்களை வைக்கும் வழிக்குத் திரும்பியது. அதுவரை பெரும் ஆய்வுகூடங்களின் தனிச் சிக்கலாக இருந்த சமாந்தரக் கணிப்பு, சாதாரண மேசைக் கணனியின் சிக்கலாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் பி.ரி.ரான் எழுப்பிய வினா மீண்டும் உயிர்பெற்ற வேளையிலேயே அதனை எழுப்பியவர் கௌரவிக்கப்பட்டார். 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 4ஆம் திகதி, தமது 88ஆவது பிறந்தநாளன்று, அலன் காலமானார்.

அவ்வினா இன்னும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. சி மொழியில் எழுதப்பட்ட ஒரு வளையத்தில் இரு சுட்டிகள் வெவ்வேறு இடங்களைக் குறிக்கின்றனவா என்பதை நிறுவ முடியாதபோது, இன்றைய தொகுப்பிகள் அவ்வளையத்தை இரு வடிவங்களில் எழுதிவைக்கின்றன. ஒன்று பல உறுப்புக்களை ஒருங்கே கணிக்கும் விரைவான வடிவம். மற்றது மூலத்தின் ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாகச் செல்லும் வடிவம். வளையம் தொடங்குமுன் அவ்விரு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா எனச் சோதிக்கும் சிறு கட்டளையொன்றும் சேர்க்கப்படுகின்றது. படியாவிடின் முதலாவது வடிவமும், படிந்தால் இரண்டாவது வடிவமும் நிறைவேறும்.